அம்மாவின் காலை யார் பிடித்துவிடுவது?

தீபாவளி அன்று அதிகாலையில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது?

அம்மா முதலில் எழுந்திருக்கிறாள். எண்ணெயைக் காய்ச்சுகிறாள். அப்பாவை மனையில் உட்காரவைத்து, உச்சந்தலையில் எண்ணெய் வைக்கிறாள். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறாள். தலை, முதுகு, கை, கால் என்று சூடு பறக்கத் தேய்த்துவிடுகிறாள். மாமியாருக்கும் தேய்த்துவிடுகிறாள்.

கடைசியில் அவள் முறை வருகிறது. அதற்குள் அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வருகிறது. கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெயைத் தானே தலையில் வைத்துக்கொள்கிறாள். அவசரமாக நாலு தேய்ப்புத் தேய்க்கிறாள். தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

அவளுக்குத் தேய்த்துவிட ஆள் இல்லையா? இருக்கிறார்கள். வீடு நிறைய இருக்கிறார்கள். ஆனால், யாருக்கும் அது தோன்றுவது இல்லை!

தீபாவளி ஆண்டுக்கு ஒரு நாள்தான். மற்ற நாட்களிலும் கதை இதுவே. பையனுக்குக் கால் உளைச்சலா? அம்மா பிடித்துவிடுவாள். அப்பாவுக்கு இடுப்பு வலியா? அம்மா தைலம் தேய்த்துவிடுவாள். தாத்தாவுக்கு முழங்கால் குடைச்சலா? அதற்கும் அம்மாதான். அம்மாவுக்கே வலித்தால்? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சுவரோடு ஒட்டிப் படுத்துவிடுவாள்.

நான் சொல்ல வருவது இதுதான். இதமாகப் பிடித்துவிடுவது, காசு இல்லாத மருந்து. அது உடம்புக்கும் நல்லது; மனதுக்கும் நல்லது. அந்த மருந்தை வீட்டில் ஒருவர் மட்டுமே கொடுத்துக்கொண்டு இருக்கக்கூடாது. எல்லோரும் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். முதலில் அம்மாவுக்குக் கிடைக்க வேண்டும்!

"மசாஜ்" என்றால் பயம் ஏன்?

"மசாஜ்" என்ற சொல்லைக் கேட்டாலே சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். அது பணக்காரர்களின் ஆடம்பரம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேறு சிலர் அதைத் தப்பான காரியம் என்று நினைக்கிறார்கள்.

இரண்டும் இல்லை. பெயர்தான் புதிது. காரியம் பழையது. நீவுதல், அமுக்குதல், உருவுதல், பிடித்துவிடுதல், தேய்த்துவிடுதல் என்று நம் தமிழிலேயே அதற்கு எத்தனை சொற்கள்! ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விதமான கைவேலையைச் சொல்கிறது. நம் முன்னோர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சித்த மருத்துவத்தில் இதற்குத் "தொக்கணம்" என்று பெயர். தட்டுதல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் என்று அதில் 9 வகைகளைச் சொல்கிறார்கள். அதைப் படித்த வைத்தியர்தான் செய்ய வேண்டும். நான் இங்கே சொல்வது அந்த வைத்தியம் அல்ல. வீட்டில் ஒருவருக்கு ஒருவர் மெதுவாகக் கை, கால், தோள் பிடித்துவிடும் சாதாரணப் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

தோலுக்குள் என்ன இருக்கிறது?

நம் உடம்பின் மிகப் பெரிய உறுப்பு எது தெரியுமா? ஈரல் அல்ல, நுரையீரல் அல்ல. தோல்தான்! தலை முதல் கால் வரை நம்மை மூடியிருக்கும் அந்தத் தோலில், தொட்டால் சேதி சொல்லும் நரம்புகள் ஏராளமாக இருக்கின்றன.

அந்த நரம்புகளில் ஒரு வகை விசேஷமானது. கிள்ளினாலோ, அடித்தாலோ அல்ல. மெதுவாக நீவினால்தான் அது நன்றாக வேலை செய்கிறது. இதைப் பற்றி சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2002-ம் ஆண்டில் அவர்கள் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நோயினால் சாதாரணத் தொடு உணர்ச்சி போய்விட்ட ஒரு பெண்மணியை அவர்கள் பரிசோதித்தார்கள். அவருடைய கையை மெல்லிய தூரிகையால் நீவினார்கள். எது தொட்டது, எப்படித் தொட்டது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால், ஏதோ ஒரு இதம் மட்டும் தெரிந்தது! மூளையில் உணர்ச்சிகளோடு சம்பந்தப்பட்ட பகுதிக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்தது.

அதாவது, "என்னை ஏதோ தொடுகிறது" என்று சொல்லும் நரம்பு வேறு. "என்னை யாரோ அன்போடு தொடுகிறார்கள்" என்று சொல்லும் நரம்பு வேறு!

எவ்வளவு வேகத்தில் நீவினால் இதமாக இருக்கும்? அதையும் அளந்திருக்கிறார்கள். ஒரு விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகம். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை ஒரு தடவை நீவ, சுமார் 5 விநாடி எடுத்துக்கொள்ளலாம். அழுகிற குழந்தையின் முதுகைப் பாட்டி தடவிக்கொடுக்கிறாளே, அதைக் கவனித்துப் பாருங்கள். எந்தப் பள்ளியிலும் படிக்காமலே அவள் கை அந்த வேகத்தில்தான் போகும்.

2021-ம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு யாருக்குக் கிடைத்தது? டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்ற இருவருக்கு. சூட்டையும் தொடுதலையும் உடம்பு எப்படி உணர்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். மிளகாயின் காரத்தை வைத்து, சூட்டை அறியும் வழியைக் கண்டார் ஒருவர். அழுத்தத்தையும் தொடுதலையும் அறியும் வழியைக் கண்டார் மற்றவர். தொடுதல் என்பது உலகமே உட்கார்ந்து ஆராய்கிற பெரிய விஷயம் என்பது இதில் இருந்து தெரிகிறது அல்லவா?

பால் மட்டும் போதாது

"வயிறு நிறைந்தால் குழந்தை வளர்ந்துவிடும்" என்று ஒரு காலத்தில் மேல்நாட்டில் படித்தவர்களே நம்பினார்கள். குழந்தையை அதிகம் தூக்கினால் கெட்டுப்போகும் என்றும் சொன்னார்கள்.

ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க அறிஞர் குரங்குக் குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அதை 1958-ம் ஆண்டில் வெளியிட்டார். தாயிடம் இருந்து பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பியால் செய்தது. அதில் பால் புட்டி இருந்தது. இன்னொன்று மெத்தென்ற துணி சுற்றியது. அதில் பால் இல்லை. குட்டிகள் என்ன செய்தன? பசித்தபோது மட்டும் கம்பித் தாயிடம் போய்ப் பால் குடித்தன. மற்ற நேரம் எல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டே கிடந்தன! சோதனை கொடுமையானதுதான். ஆனால், அது சொன்ன பாடத்தை உலகம் மறக்கவில்லை.

மனிதக் குழந்தைகளிடமும் இது தெரிந்தது. 1986-ம் ஆண்டில் டிஃபனி ஃபீல்டு என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாதம் நிறையும் முன்பே பிறந்த 40 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 20 குழந்தைகளுக்கு மட்டும் தினம் 3 வேளை, வேளைக்கு 15 நிமிடம், இதமாகத் தடவிக்கொடுத்து, கை கால்களை மெதுவாக அசைத்துவிட்டார்கள். 10 நாட்கள் இப்படிச் செய்தார்கள். அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் அதிகமாக எடை கூடினார்கள். 6 நாட்கள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். இத்தனைக்கும் அவர்கள் அதிகமாகப் பால் குடிக்கவில்லை!

2022-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பற்றிச் சொன்னது. மாதம் நிறைந்து, ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு உடம்பு முழுவதும் இதமாகத் தடவிவிடலாம். அது வளர்ச்சிக்கு உதவக்கூடும் என்றது. நம் ஊர்ப் பாட்டிமார் காலில் குழந்தையைக் கிடத்திக்கொண்டு செய்த காரியம்தானே இது!

இதில் அப்பாக்களுக்கும் பங்கு உண்டு. எடை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக் காப்பாற்றும் முறை ஒன்று இருக்கிறது. "கங்காரு முறை" என்பார்கள். 1978-ம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் அது தொடங்கியது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் இன்று அது நடக்கிறது. தாய் களைத்திருக்கும்போது தகப்பன் நெஞ்சிலும் குழந்தையை வைக்கலாம். தகப்பன் நெஞ்சிலும் சூடு உண்டு. குழந்தை அதை ஏற்றுக்கொள்கிறது.

கணவன் கை

பெரியவர்களுக்கு இது தேவையா? தேவைதான்.

2006-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் என்பவரும் மற்றவர்களும் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். திருமணமான 16 பெண்களை, மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். "காலில் மின்சார அதிர்ச்சி வரப்போகிறது" என்று பயம் காட்டினார்கள். தனியாக இருந்தபோது மூளையில் பயத்தின் அடையாளம் அதிகமாகத் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டபோது கொஞ்சம் குறைந்தது. கணவன் கையைப் பிடித்துக்கொண்டபோது நன்றாகக் குறைந்தது. ஒற்றுமையான தம்பதிகளிடம் இன்னும் அதிகமாகக் குறைந்தது!

கவனியுங்கள். அந்தக் கணவன்மார் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

உடம்பு வலிக்கும் இதில் உதவி உண்டு. புதிதாக வந்த இடுப்பு வலிக்கு எடுத்த எடுப்பில் மாத்திரைக்குப் போகாமல், ஒத்தடம், பிடித்துவிடுதல் போன்றவற்றைச் செய்து பார்க்கலாம் என்று அமெரிக்க டாக்டர்களின் சங்கம் ஒன்று 2017-ம் ஆண்டில் வழிகாட்டியது. இதற்கான சான்று மிகப் பலமானது என்று அவர்களே சொல்லவில்லை. பெரும்பாலான இடுப்பு வலி நாளாவட்டத்தில் தானாகவே குறையும் என்றும் சொன்னார்கள். ஆனால், குறைகிற வரையில் வலியைத் தனியாகத் தாங்குவது வேறு; பக்கத்தில் ஒரு கை இருக்கத் தாங்குவது வேறு அல்லவா?

"காலைப் பிடிப்பதா?"

இவ்வளவு நன்மை இருந்தும், நம் வீட்டு ஆண்கள் ஏன் மனைவிக்குக் கால் பிடித்துவிடுவது இல்லை?

காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. "காலைப் பிடித்தான்" என்றால் "கெஞ்சினான்" என்று பொருள். "அவன் காலைப் பிடித்துக் காரியத்தைச் சாதித்தான்" என்கிறோம். காலைத் தொட்டால் கௌரவம் போய்விடும் என்ற எண்ணம் ஆண்களின் மனதில் ஆழமாகப் பதிந்து கிடக்கிறது. பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் படத்தைப் பாருங்கள். பெருமாளின் காலடியில் லட்சுமி அமர்ந்திருக்கிறாள். அந்தப் படம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கிறது. கால் பிடிப்பது பெண்ணின் வேலை என்று நாமும் முடிவு கட்டிவிட்டோம்.

ஆனால், கதை அது மட்டும்தானா? குசேலர் துவாரகைக்குப் போனபோது என்ன நடந்தது? புழுதி படிந்த அந்த ஏழையின் கால்களைக் கண்ணன் தன் கையாலே கழுவினான். கண்ணனின் கௌரவம் குறைந்துவிட்டதா? இயேசுநாதர் தம் சீடர்களின் கால்களைக் கழுவினார். ஒவ்வொரு ஆண்டும் பெரிய வியாழன் அன்று தேவாலயங்களில் குருமார்கள் அதைச் செய்து காட்டுகிறார்கள். தாயின் காலடியில் சொர்க்கம் இருக்கிறது என்று இஸ்லாமியப் பெரியோர் சொல்கிறார்கள். காலைத் தொடுவது தாழ்வு என்று எந்த மதமும் சொல்லவில்லை. நாம்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறோம்!

"நான் வெளியே உழைத்துக் களைத்து வருகிறேன், அவள் வீட்டில்தானே இருக்கிறாள்?" என்று சிலர் கேட்கலாம்.

2019-ம் ஆண்டில் மத்திய அரசு ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தது. கூலி இல்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஏறக்குறைய 5 மணி நேரம்! ஆண்கள் 97 நிமிடம். அதுவும், வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி அது. வீட்டு வேலையில் கை வைக்காத ஆண்கள்தான் நாட்டில் அதிகம். 100-க்கு 26 ஆண்கள்தான் வீட்டு வேலை செய்ததாக அந்தக் கணக்கு சொன்னது.

வெளி வேலைக்குப் போகும் பெண்களின் நிலை இன்னும் கஷ்டம். தஞ்சை வயலில் நாற்று நடும் பெண்ணின் இடுப்பைக் கேளுங்கள். நெல்லைச் சீமையில் பீடி சுற்றும் பெண்ணின் விரலைக் கேளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் குனிந்திருக்கும் பெண்ணின் பிடரியைக் கேளுங்கள். துணிக்கடையில் நாள் முழுதும் நின்று புடவை காட்டும் பெண்ணின் குதிகாலைக் கேளுங்கள். அவை எல்லாம் பதில் சொல்லும்!

தொடுவார் இல்லாத முதியவர்கள்

அம்மாவைப் போலவே மறக்கப்பட்ட இன்னொருவர் வீட்டில் இருக்கிறார். திண்ணையிலோ, மூலையில் கட்டிலிலோ இருக்கும் பாட்டி அல்லது தாத்தா.

குழந்தையை எல்லோரும் தூக்குகிறார்கள், கொஞ்சுகிறார்கள். முதியவரை யார் தொடுகிறார்கள்? சாப்பாடு கொடுக்கிறோம். மாத்திரை கொடுக்கிறோம். துணி துவைத்துக் கொடுக்கிறோம். கையைப் பிடித்து 5 நிமிடம் உட்காருவது இல்லை. துணையை இழந்த முதியவரின் தோளில் ஒருவர் கை பட்டு, மாதக்கணக்கில் கூட ஆகியிருக்கும்.

2020-ம் ஆண்டில் கொரோனா வந்தது. யாரும் யாரையும் தொடக்கூடாது என்று ஆயிற்று. தொடுதல் இல்லாத வாழ்க்கை எவ்வளவு வெறுமையானது என்று அப்போது நம் எல்லோருக்கும் தெரிந்தது. நமக்கு அது சில மாதங்கள். முதியவர்களில் பலருக்கு அது பல ஆண்டுகளாக இருக்கிறது!

இன்னொன்றும் உண்டு. கால் பிடித்துவிடும்போது மனிதர்கள் மனம் திறந்து பேசுவார்கள். எதிரே உட்கார்ந்து, "என்ன கவலை, சொல்லு" என்றால் வாய் வராது. பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு சும்மா இருந்தால், தானாகவே பேச்சு வரும். பழைய கதை வரும். மனதில் அடைத்து வைத்த குறையும் வரும். அப்போது குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டால் போதும்.

எப்படிச் செய்வது?

இதற்குப் பெரிய பயிற்சி வேண்டாம். 10 நிமிடம் போதும்.

முதலில், கேளுங்கள். "பிடித்துவிடட்டுமா?" என்று கேட்டு, சரி என்றால்தான் தொட வேண்டும். குழந்தையாக இருந்தாலும் இதே சட்டம்தான். பிள்ளை நெளிந்தால், விலகினால், விட்டுவிட வேண்டும். "என் உடம்பை யாரும் என் இஷ்டம் இல்லாமல் தொடக்கூடாது" என்ற பாடத்தைப் பிள்ளை வீட்டில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கையைக் கழுவுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். உள்ளங்கைகளை ஒன்றோடு ஒன்று உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ சில சொட்டு போதும். எண்ணெய் இல்லாமல், துணிக்கு மேலேயும் பிடித்துவிடலாம்.

பாதத்தில் தொடங்குங்கள். இரண்டு கட்டை விரலாலும் உள்ளங்காலைக் குதிகாலில் இருந்து விரல் பக்கமாக மெதுவாக அழுத்திக்கொண்டு போங்கள். பிறகு கெண்டைக்காலை முழு உள்ளங்கையால் கீழிருந்து மேலாக நீவுங்கள். கைகளையும் அப்படியே நீவுங்கள். தோள்பட்டைச் சதையை, மாவு பிசைவது போல மெல்லப் பிசைந்துவிடுங்கள். முதுகெலும்பின் மேல் அழுத்த வேண்டாம். அதன் இரு பக்கமும் உள்ள சதையைத் தடவினால் போதும். கடைசியில் நெற்றியையும் உச்சந்தலையையும் தடவிக்கொடுங்கள்.

பலம் வேண்டாம்; நிதானம் வேண்டும். வலித்தால்தான் குணமாகும் என்பது தப்பு. பிடித்துவிடும்போது டெலிவிஷனையும் செல்போனையும் தள்ளி வையுங்கள். ஒரு கையில் செல்போனைப் பார்த்துக்கொண்டே மறு கையால் பிடித்துவிட்டால், படுத்திருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்!

எதைச் செய்யக்கூடாது?

பழக்கம் நல்லது என்பதால், அதில் கலந்த தப்புகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டியது இல்லை.

குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சலை உண்டாக்கும். உயிருக்கே ஆபத்து வரும். மூக்கு எடுப்பாக வர வேண்டும் என்று இழுப்பது, தலை உருண்டையாக வர வேண்டும் என்று அமுக்குவது, பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது ஆகிய எல்லாமே கெடுதல். குழந்தைக்கு வேண்டியது தடவல், முறுக்கல் அல்ல. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

கர்ப்பிணியின் வயிற்றை அமுக்காதீர்கள். ஒரு கால் மட்டும் திடீர் என்று வீங்கி, சூடாகி, வலித்தால் அதைப் பிடித்துவிடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அமுக்கினால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற பெண்களும் இதில் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எலும்பு முறிவு, புண், காய்ச்சல் இருந்தால் பிடித்துவிட வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். அழுத்தினாலும் வலி தெரியாது. தோல் கிழிந்தாலும் தெரியாது. அவருக்கு மிக மெதுவாகத் தடவினால் போதும். அப்படியே பாதத்தில் புண் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கழுத்தைப் பிடித்து "மடக்" என்று சொடுக்குவது கூடவே கூடாது. கழுத்து வழியாகத்தான் மூளைக்கு ரத்தக் குழாய் போகிறது. அது கிழிந்தால் பக்கவாதம் வரும்.

இன்னொன்றைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலித்து, வியர்த்துக் கொட்டி, இடது கையோ தாடையோ வலித்தால், "வாயுப் பிடிப்பு" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்பான கை எவ்வளவோ செய்யும். மாரடைப்பை அது நிறுத்தாது.

மனதின் நோயும் அப்படியே. பிள்ளை பெற்ற பெண் காரணம் இல்லாமல் அழுதுகொண்டே இருந்தாலோ, வீட்டில் ஒருவர் நாட்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் முடங்கிக் கிடந்தாலோ, கை பிடித்துவிடுவது ஆறுதல் தரும், சிகிச்சை ஆகாது. அந்தக் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

முறை வைத்துக்கொள்ளுங்கள்

வாரத்தில் ஒரு நாளாவது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். முறை வைத்து ஒருவருக்கு ஒருவர் பிடித்துவிடுங்கள். மகன் பாட்டிக்கு, மகள் அப்பாவுக்கு, அப்பா அம்மாவுக்கு. அம்மாவுக்கு அன்று பிடித்துவிடும் வேலை கிடையாது. படுத்திருப்பதுதான் அவள் வேலை!

பையன்களுக்குச் சிறு வயதிலேயே இதைப் பழக்க வேண்டும். எட்டு வயதில் பாட்டியின் காலைப் பிடித்துவிட்ட பையன், இருபத்தெட்டு வயதில் மனைவியின் காலைத் தொட வெட்கப்பட மாட்டான். மாமியார்களும் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். மகன் மருமகளின் காலைப் பிடித்துவிட்டால் "பெண்டாட்டிதாசன்" என்று சொல்லக்கூடாது. தனக்கு அந்த வயதில் யாரும் பிடித்துவிடவில்லையே என்ற ஏக்கம் மாமியாருக்கும் இருக்கும். அந்த ஏக்கம் கோபமாக வருவதற்கு முன்னால், அவர் காலையும் பிடித்துவிடுங்கள்.

ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கை. 10 நிமிடம் கால் பிடித்துவிட்டு, மலைபோல் குவிந்த பாத்திரத்தை அவளே கழுவட்டும் என்று எழுந்து போனால், அது மருந்து அல்ல, ஏமாற்று. வலிக்கும் காலைப் பிடித்துவிடுவது பாதி. அந்தக் கால் வலிக்காதபடி வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது மறு பாதி.

இன்றே தொடங்கலாம். "பிடித்துவிடட்டுமா?" என்று கேட்டால், "எனக்கு என்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன், வேண்டாம்" என்றுதான் பல அம்மாக்கள் முதலில் சொல்வார்கள். கொடுத்தே பழகியவர்களுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியாது. வற்புறுத்தாதீர்கள். பாத்திரத்தை நீங்கள் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

நாளைக்கு மறுபடியும் கேளுங்கள்.